டை வாயில் வீங்கும் உருகலைக் கணினியில் கணிப்பது: கொங்குப் பட்டறைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கரூரில் கொசுவலை இழை ஓட்டுபவர், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் செய்பவர், கோவையில் நீர்மூழ்கி மோட்டாருக்கான தட்டை கேபிளுக்கு உறை போடுபவர் என எல்லோரும் டை (உருகிய பிளாஸ்டிக்கைத் துளை வழியே தள்ளி வடிவம் கொடுக்கும் எஃகு அச்சு) செய்பவரிடம் கேட்பது ஒன்றுதான்: துளையை எந்த அளவில் வெட்டுவது? உருகிய பிளாஸ்டிக் துளையின் அளவிலேயே வெளியே வருவதில்லை. வாயைத் தாண்டிய கணமே தடிக்கிறது. கப்பல் பலகைகளை ஒட்டும் பசையைக் குழாய் வழியாகத் தள்ளிப் பார்த்து, அமெரிக்க இயற்பியலாளர் கார்ல் பாரஸ் 1893இல் இந்த வீக்கத்தைப் பதிவு செய்தார். அதனால் இதற்குப் பாரஸ் விளைவு என்றும் பெயர் உண்டு.

அனுபவமுள்ள கைகளுக்கு வீக்கம் எவ்வளவு என்பது மனக்கணக்காகவே தெரியும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட மூலப்பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கும் பழகியது. குருணையின் கிரேடு மாறினால், அல்லது லைன் வேகத்தைக் கூட்டினால், மறுபடியும் வயர்-கட் (மின்பொறிக் கம்பியால் எஃகை வெட்டுவது), மறுபடியும் பாலிஷ், மறுபடியும் சோதனை ஓட்டம் என்று செலவு ஏறும். கணினி உருவகப்படுத்தல் இதைக் குறைக்கும். அதற்குப் பெரிய மென்பொருள் உரிமம் தேவையில்லை. பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம் இலவசம், அதன் மேல் ஏறும், மீள்தன்மைப் பாய்மங்களுக்கான ரியோடூல் தொகுப்பும் இலவசம், வட்டத் துளைக்கு ஒரு நடுத்தர மடிக்கணினியே போதும்.

நான் இங்கே வலியுறுத்துவது வேலையின் வரிசையை. விடை தெரிந்த எளிய பாய்மத்தை முதலில் ஓட்ட வேண்டும். பிறகு நம் பட்டறையிலேயே அளந்த உருகலை ஓட்ட வேண்டும். கடைசியாகத்தான் விற்கப்போகும் டையைத் தொட வேண்டும். இந்த வரிசையைத் தாண்டிக் குதிப்பவருக்குக் கிடைப்பது வண்ணப்படம் மட்டுமே. அதை நம்பி எஃகை வெட்ட முடியாது.

வீக்கம் எங்கிருந்து வருகிறது

இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் மென்பொருளைத் திறக்காதீர்கள்.

முதலாவது, வேகம் மாறி அமைவது. டைக்குள் சுவரை ஒட்டிய உருகல் நிற்கிறது, நடுவில் இருப்பது வேகமாக ஓடுகிறது. வாயைத் தாண்டியதும் சுவரின் பிடி இல்லை. ஓரம் வேகமெடுக்கிறது, நடு வேகம் குறைகிறது. வேகமெடுக்கும் மேல்தோல் இழுபட்டு, நடுப்பகுதியை நீளவாக்கில் அழுத்துகிறது. அழுந்திய நடுப்பகுதி பக்கவாட்டில் விரிகிறது. நீர் போல மீள்தன்மையே இல்லாத நியூட்டானியப் பாய்மத்துக்கும் இது உண்டு. மிக மெதுவான ஓட்டத்தில் வட்டத் துளைக்கு இந்த வீக்கம் சுமார் 13 சதவீதம். அகலமான தட்டைப் பிளவுக்குச் சுமார் 19 சதவீதம்.

இரண்டாவது, மீள்தன்மை. பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளாகிய பாலிமர்ச் சங்கிலிகள் டைக்குள் ஓட்டத் திசையில் நீட்டப்படுகின்றன. ஓட்டக் கோடுகள் நெடுக ஓர் இழுவிசை தேங்குகிறது. வெளியே வந்ததும் அது விடுபட்டு, இழை நீளத்தில் சுருங்கிக் குறுக்கில் தடிக்கிறது. அந்த இழுவிசையின் அளவைத்தான் முதல் செங்குத்துத் தகைவு வேறுபாடு என்கிறோம் (தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை). டை வேலையில் நம்மைப் படுத்துவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பங்குதான்.

முதல் படி: காகிதத்தில் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். துளை விட்டம் 2 மி.மீ., லேண்ட் (வாய்க்கு முன்னுள்ள, ஒரே அளவில் ஓடும் நேர்ப்பகுதி) நீளம் 10 மி.மீ., சராசரி வேகம் நொடிக்கு 10 மி.மீ. பொருள் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிக்க பாலிஎத்திலீன்), 190 டிகிரி செல்சியஸ்.

முதலில் சறுக்கு வீதம், அதாவது சுவரருகே அடுத்தடுத்த அடுக்குகளின் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. தோற்றச் சறுக்கு வீதம் = 8 × வேகம் ÷ விட்டம். அதாவது நொடிக்கு 40. உருகலின் பாகுநிலை வேகத்தோடு குறைவதால் திருத்தம் தேவை. பாகுநிலை எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் அடுக்குவிதியின் அடுக்கு 0.5 என்றால் பெருக்கல் எண் 1.25, சுவரில் உண்மைச் சறுக்கு வீதம் நொடிக்கு 50. அங்கே பாகுநிலை 1200 பாஸ்கல்-நொடி என்று வைத்தால் சுவர்ச் சறுக்குத் தகைவு 60 கிலோபாஸ்கல். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது 100 கிலோபாஸ்கலைத் தாண்டினால் பல பாலிஎத்திலீன்களில் மேற்பரப்பு சொரசொரப்பாகத் தொடங்கும். அதன் பிறகு வீக்கக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் இழை விலைபோகாது.

உந்தத்தைப் பாகுவிசையோடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண்: உருகலின் அடர்த்தி கன மீட்டருக்கு 760 கிலோ என்றால், விடை ஒரு லட்சத்தில் 1.3 பங்கு அளவுதான். உந்தத்துக்கு இங்கே வேலையே இல்லை. பாகுவிசையைப் பரப்பு இழுவிசையோடு ஒப்பிடும் நுண்புழை எண் சுமார் 400. ஆகவே பரப்பு இழுவிசைக்கும் வேலை இல்லை. இந்த இரண்டு முடிவுகளும் பின்னால் கணினி நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும்.

அடுத்தது மீள்தன்மை. ரோஜர் டேனர் 1970இல் தந்த சூத்திரம் இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் போதுமானது. செங்குத்துத் தகைவு வேறுபாட்டைச் சுவர்ச் சறுக்குத் தகைவின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது மீள்சறுக்கு. அதை வர்க்கப்படுத்தி, இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, ஆறாம் மூலம் எடுத்து, 0.13 கூட்டினால் வீக்க விகிதம். மீள்சறுக்கு 1 என்றால் விகிதம் 1.20, 2 என்றால் 1.33, 3 என்றால் 1.46, 4 என்றால் 1.57. மீள்சறுக்கு பூச்சியம் என்றால் நியூட்டானிய 1.13 அப்படியே வருவதைக் கவனியுங்கள். நீண்ட லேண்ட் உள்ள வட்டத் துளைக்கே இது பொருந்தும்.

இரண்டாம் படி: உருகலின் குணத்தை அளப்பது

மூட்டையில் அச்சிட்ட உருகுபாய்வு எண் ஒன்றை மட்டும் வைத்து வீக்கத்தைக் கணிக்க முடியாது. அது ஒரே ஒரு தகைவில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை மட்டும் சொல்கிறது. மீள்தன்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரே உருகுபாய்வு எண் கொண்ட இரண்டு கிரேடுகள் முற்றிலும் வேறான அளவில் வீங்கக்கூடும்.

தேவைப்படுவது அலைவு ரியோமீட்டர் சோதனை, அதாவது உருகலை முன்னும் பின்னும் ஆட்டி அதன் எதிர்ப்பை அளப்பது. நம் பகுதியில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பாலிமர் ஆய்வகம் உள்ள ஒன்றில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். கேட்க வேண்டியது: நீங்கள் ஓட்டும் வெப்பநிலையிலும் அதற்கு 20 டிகிரி மேலேயும், நொடிக்கு 0.1 முதல் 100 ரேடியன் வரை அதிர்வெண் வீச்சில், சேமிப்புக் குணகமும் (மீள்தன்மையின் பங்கு) இழப்புக் குணகமும் (பாகுத்தன்மையின் பங்கு). இந்த அட்டவணை கையில் வந்தால் இரண்டு பழைய விதிகள் துணை நிற்கும். காக்ஸ்–மெர்ஸ் விதி (1958) அலைவுப் பாகுநிலையை ஓட்டப் பாகுநிலையாக எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. லாவுன் விதி (1986) செங்குத்துத் தகைவு வேறுபாட்டைத் தருகிறது: சேமிப்புக் குணகத்தின் இருமடங்கை, (1 + இரு குணகங்களின் விகிதத்தின் வர்க்கம்) என்பதன் 0.7ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். விகிதம் என்பது சேமிப்பை இழப்பால் வகுத்தது.

நம் எடுத்துக்காட்டில் அதிர்வெண் 50இல் சேமிப்பு 48, இழப்பு 36 கிலோபாஸ்கல் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 60 கிலோபாஸ்கல் தருகின்றன. மேலே கண்ட சுவர்த் தகைவோடு ஒத்துப்போகிறது. செங்குத்துத் தகைவு வேறுபாடு சுமார் 196 கிலோபாஸ்கல், மீள்சறுக்கு 1.64, டேனர் சூத்திரத்தில் வீக்கம் 1.28. ஆக, 2 மி.மீ. துளையிலிருந்து 2.56 மி.மீ. சூடான இழை வரும். கணினி எதைச் சொன்னாலும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விலகினால் ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

மூன்றாம் படி: வடிவமும் வலையும்

வட்டத் துளைக்கு முழு உருளை தேவையில்லை. ஐந்து டிகிரி ஆப்பு வடிவத் துண்டு போதும். வாய்க்குப் பிறகு ஆரத்தின் 20 மடங்கு நீளம் வையுங்கள். வாய்க்கு முன்னால் எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது: நியூட்டானியச் சோதனைக்கு ஆரத்தின் 10 மடங்கு தாராளம், உண்மை உருகலுக்கு லேண்ட் முழுவதையும், அதற்கு முன்னுள்ள கூம்பையும், அகன்ற அறையின் ஒரு பகுதியையும் வரைய வேண்டும்.

கணக்குக்காக வடிவத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதுதான் வலை. வலையில் பொறுமை காட்ட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: வாயின் விளிம்பு. அந்தப் புள்ளியில் சுவர் சட்டென்று முடிகிறது, தகைவு கணித ரீதியாக எல்லையற்று எகிறுகிறது. வலையை எவ்வளவு நுணுக்கினாலும் அந்த ஒற்றைக் கட்டத்தின் தகைவு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆனால் வீக்க விகிதம் ஒரு மதிப்பில் நிலைக்க வேண்டும். விளிம்பில் ஆரத்தின் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரான் கட்டத்தில் தொடங்கி, அதன் இருமடங்கிலும் பாதியிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்று விடைகளும் ஒரே திசையில் நெருங்கி வந்தால் வலை சரி.

நான்காம் படி: வெளிப்பரப்பை எப்படிப் பிடிப்பது

இரண்டு வழிகள் உண்டு. வலையே இழையின் பரப்போடு நகர்வது ஒன்று. பாலிஃப்ளோ போன்ற வணிக மென்பொருள்கள் இப்படிச் செய்கின்றன. பரப்பு கூர்மையாக இருக்கும், நிலையான விடை விரைவில் வரும். மற்றொன்று, ஓபன்ஃபோமின் இன்டர்ஃபோமும் ரியோடூலின் ரியோஇன்டர்ஃபோமும் பின்பற்றும் கன அளவுப் பின்ன முறை. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பங்கு உருகல், எத்தனை பங்கு காற்று என்று கணக்கு வைத்துக்கொண்டே போகும். பரப்பு சற்று மங்கலாக இருக்கும். கையில் காசில்லாத பட்டறைக்கு இது போதும் என்பது என் முடிவு.

இந்த முறையில் மூன்று சலுகைகளை எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் முதல் படியின் எண்களிலிருந்து வருபவை.

பரப்பு இழுவிசையைப் பூச்சியமாக வையுங்கள். 10 மைக்ரான் கட்டத்தில் அதை விட்டுவைத்தால் காலப்படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) மைக்ரோ நொடி அளவுக்குச் சுருங்கிவிடும். நீக்கினால், இழை வேகம் மட்டும் வரம்பாகி, பத்தாயிரத்தில் ஒரு நொடி என்ற படியில் ஓட்டலாம். வீங்கிய இழை டைக்குள் இருப்பதைவிட மெதுவாக நகர்வதால் 20 மி.மீ. கடக்கச் சுமார் 3.3 நொடி. ஆகச் சுமார் 33,000 படிகள்.

அடர்த்தியை ஆயிரம் மடங்கு உயர்த்திக்கொள்ளலாம். அப்போதும் ரெனால்ட்ஸ் எண் 0.013தான்; விடை மாறாது, கணக்கு நிலைப்படும். ஆனால் புவியீர்ப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் இழை தன் பொய் எடையில் இழுபடும்.

மூன்றாவது, காற்றின் பாகுநிலை. உண்மைக் காற்றுக்கும் உருகலுக்கும் இடையே கோடிக்கணக்கான மடங்கு வேறுபாடு, சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல் திணறும். காற்றுக்கு உருகலின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இங்கே 1.2 பாஸ்கல்-நொடி கொடுங்கள். அதை நூறில் ஒரு பங்காகவும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவும் மாற்றி, விடை அசையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உருகல் டையின் முகத்தில் படர்ந்து ஏறினால், அந்த முகத்தில் உருகலின் பங்கைப் பூச்சியமாக வைத்து விளிம்பிலேயே நிறுத்த வேண்டும்.

ஐந்தாம் படி: விடை தெரிந்த சோதனைகள்

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். முதலில் சுவரில் பிடிப்பே இல்லாமல், முழு வழுக்கல் நிபந்தனையோடு நியூட்டானியப் பாய்மத்தை ஓட்டுங்கள். உள்ளே எல்லா இடத்திலும் ஒரே வேகம், வெளியேயும் அதே. வீக்கம் சரியாக 1.00 வர வேண்டும். 1.02 வந்தால் பரப்பைப் பிடிக்கும் முறையிலோ எல்லை நிபந்தனையிலோ பிழை இருக்கிறது.

அடுத்து வழுக்கலை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். 1.13 வர வேண்டும். பிறகு ரெனால்ட்ஸ் எண்ணை வேண்டுமென்றே நூற்றுக்கணக்கில் ஏற்றிப் பாருங்கள். இழை வீங்காமல் சுருங்கி, முக்காலின் வர்க்கமூலமாகிய 0.866ஐ நோக்கிப் போகும். உந்தச் சமன்பாட்டைக் கையால் எழுதினாலே இந்த எண் வரும். இந்தச் சோதனைகளில் தேறாத அமைப்பில் பாலிமர் மாதிரியை ஏற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆறாம் படி: மீள்தன்மையை ஏற்றுவது

மாதிரித் தேர்வில் தயங்க வேண்டாம். ஓல்ட்ராய்ட்-பி மாதிரி புத்தகத்துக்கு அழகு. உருகலின் பாகுநிலை குறைவதை அது காட்டாது. பாலிமர் உருகலுக்கு கீஸ்கஸ் அல்லது ஃபான்-தியன்–டேனர் மாதிரி. சந்தகை மாவு போன்ற களிக்கு இவை இரண்டுமே ஒத்துவராது. அது ஓர் அளவு அழுத்தினால்தான் அசையும் பொருள், அதற்கு ஹெர்ஷல்–பல்க்லி.

இனி வருவதுதான் இந்த வேலையின் கரு. நீட்டப்பட்ட சங்கிலிகள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்தான் தளர்வு நேரம், உருகலின் நினைவு என்றும் சொல்லலாம். எத்தனை தளர்வு நேரங்களை எடுப்பது? ஒரே ஒரு தளர்வு நேரத்தை வைத்துச் சுவர்ச் சறுக்கு வீதத்தில் பொருத்தினால், நம் எடுத்துக்காட்டில் 0.03 நொடி அளவில் வரும். உருகல் லேண்டைக் கடக்க ஆகும் நேரம் 1 நொடி. 0.03 நொடி நினைவுள்ள உருகல், லேண்டின் முடிவுக்கு வருவதற்குள் நுழைவாயிலில் பட்டதை முற்றிலும் மறந்துவிடும். அப்படியானால் லேண்டை நீட்டினாலும் குறைத்தாலும் வீக்கம் ஒன்றுதான் என்று கணினி சொல்லும். லேண்டைக் குறைத்தால் வீக்கம் கூடும் என்பது டை பட்டறையில் சேர்ந்த சில மாதங்களிலேயே எவரும் காண்பது. கணினி தவறு செய்யவில்லை. அதற்கு நாம் கொடுத்த உருகலுக்கு நீண்ட நினைவு இல்லை.

உண்மை எச்.டி.பி.இ.யில் தளர்வு நேரங்கள் மில்லி நொடியிலிருந்து பல நொடிகள் வரை பரவிக்கிடக்கின்றன. அகன்ற அறையிலிருந்து குறுகிய துளைக்குள் நுழையும்போது பட்ட நீட்சியை, நீண்ட நினைவுள்ள சங்கிலிகள் ஒரு நொடிக்குப் பிறகும் வைத்திருந்து வாயில் வெளிப்படுத்துகின்றன. ஆகவே குறைந்தது நான்கு, முடிந்தால் ஆறு தளர்வு நேரங்களை ரியோமீட்டர் அட்டவணையில் பொருத்துங்கள். பத்து மடங்குக்கு ஒன்று என்ற இடைவெளி போதும். குறைந்த அதிர்வெண் அளவீடுகளைச் சோம்பலால் விட்டுவிட்டால் நீண்ட நினைவு கணக்கில் வராது, நொடிக்கு 0.1 ரேடியன் வரை கேளுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

தளர்வு நேரத்தைச் சறுக்கு வீதத்தால் பெருக்கினால் வெய்சன்பர்க் எண். இது உயர உயரக் கணக்கு வெடித்துச் சிதறும். இத்துறையைப் பல ஆண்டுகள் வாட்டிய சிக்கல் இது. ஃபட்டாலும் குப்ஃபர்மனும் 2004இல் முன்வைத்த மடக்கை முறை பெருமளவு கைகொடுக்கிறது; தகைவை நேராகக் கணக்கிடாமல், சங்கிலிகளின் நீட்சியைக் குறிக்கும் அணியின் மடக்கையைக் கணக்கிடுவது. ரியோடூலில் இது இருக்கிறது. மாதிரியின் பெயரோடு அந்தத் தெரிவை எடுத்தால் போதும். அப்படியும் முழு வேகத்தில் தொடங்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நிலைப்படுத்தி, அந்த விடையிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள்.

வெப்பநிலையைச் சுருக்கமாக முடிக்கலாம். இந்தச் சறுக்கு வீதத்தில் உராய்வுச் சூடு ஓரிரு டிகிரிக்குள் அடங்கும். சீரான வெப்பநிலை என்று கொள்ளலாம். ஆனால் டை 10 டிகிரி மாறினால் எச்.டி.பி.இ.யின் பாகுநிலை சுமார் 15 சதவீதம் மாறும் என்பதால், எந்த வெப்பநிலைக்குக் கணக்கிட்டீர்கள் என்பதை விடையோடு எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: பட்டறையில் ஒப்பிடுவது

ரியோமீட்டர் இல்லாத இடத்திலும் உருகுபாய்வுக் கருவி இருக்கும். அதை எண் பார்க்கும் பெட்டியாக மட்டும் கருதுவது பெரிய இழப்பு. அதன் டை 2.095 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம், பேரல் 9.55 மி.மீ. எல்லாம் தரப்படுத்தப்பட்ட அளவுகள். 2.16 கிலோ எடைக்குச் சுவர்த் தகைவு சுமார் 19 கிலோபாஸ்கல். 5 கிலோவுக்குச் சுமார் 45. நுழைவு இழப்பால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவு. அதாவது உங்கள் மேசையிலேயே ஒரு வீக்கச் சோதனைக் கருவி உட்கார்ந்திருக்கிறது. இந்த டையையே கணினியில் வரைந்து, எடைபார்த்துக் கண்ட ஓட்ட அளவைக் கொடுத்து, வரும் வீக்கத்தை வெட்டியெடுத்த துண்டோடு ஒப்பிடுங்கள்.

துண்டைக் குட்டையாக வெட்ட வேண்டும். நீளமாகத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே மெலியும். நுனியை ஒட்டிய சில மில்லிமீட்டரை மைக்ரோமீட்டரால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து பாருங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உருகலின் அடர்த்தி 760, ஆறிய எச்.டி.பி.இ.யின் அடர்த்தி சுமார் 950. கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. விட்டத்தில் 7 சதவீதம். சூட்டில் 1.28 ஆக இருந்த வீக்கம் ஆறிய துண்டில் 1.19 என்றுதான் தெரியும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கணினி தவறு என்று சொல்வதும், தளர்வு நேரத்தை இழுத்துப் பிடித்துப் பொருத்துவதும் நல்ல கணக்கைக் கெடுத்துவிடும்.

வீக்கத்தின் பெரும்பகுதி வாயிலிருந்து ஓரிரு விட்டத் தொலைவுக்குள் முடிந்துவிடும். மிச்சம் நொடிக்கணக்கில் மெதுவாக வரும். தண்ணீர்த் தொட்டி வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அந்த மிச்சம் உறைந்துபோகும். தொட்டி எட்டும் தொலைவு வரையிலான வீக்கத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். கணினி காட்டும் இறுதி மதிப்பை அல்ல.

எட்டாம் படி: உண்மை டைக்குப் போவது

கொசுவலை இழை போன்றவற்றில் இறுதித் தடிமனைத் தீர்மானிப்பது வீக்கம் அல்ல. உருளைகள் இழுக்கும் வேகமும் வெளியேறும் அளவுமே தீர்மானிக்கின்றன. அங்கே வீக்கக் கணக்கு பயன்படுவது துளைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட்டால் இழைகள் ஒட்டாது என்பதற்கும், சொரசொரப்பு எந்த வேகத்தில் தொடங்கும் என்பதற்கும்தான். குழாய்க்கு இரண்டு வீக்கங்கள்: விட்டம் தனி, சுவர்த் தடிமன் தனி, இரண்டும் ஒரே விகிதத்தில் வருவதில்லை.

வீக்கக் கணக்கு தன் முழுப் பயனைக் காட்டுவது பீடிங், கேஸ்கெட், தட்டை கேபிள் உறை போன்ற வட்டமல்லாத வடிவங்களில். சதுரத் துளையில் பக்கங்களின் நடுப்பகுதி அதிகம் வீங்கும், மூலைகள் குறைவாக வீங்கும். வெளிவரும் இழை புடைத்த தலையணை போலிருக்கும். சதுரம் வேண்டுமென்றால் பக்கங்கள் உள்வாங்கிய துளை வேண்டும். எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்பதை இப்படிக் காணலாம். வேண்டிய வடிவத்தையே முதல் துளையாக வரைந்து முப்பரிமாணத்தில் ஓட்டுங்கள். சமச்சீர் இருந்தால் கால் பகுதி போதும். வந்த வடிவத்துக்கும் வேண்டிய வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிக்குப் புள்ளி துளையிலிருந்து கழியுங்கள். முழு வேறுபாட்டையும் ஒரே முறையில் கழித்தால் வடிவம் ஊசலாடும். பாதி அல்லது முக்கால் பங்கைக் கழித்துச் சில சுற்றுகள் ஓட்டினால் நிலைக்கும். இந்தச் சுற்றுகளில் தளர்வு நேரங்களை இரண்டாகக் குறைத்துக்கொண்டு வேகமாக ஓட்டலாம். கடைசிச் சுற்றை மட்டும் முழு மாதிரியில் ஓட்டுங்கள்.

வயர்-கட்டுக்கு வரைபடம் அனுப்பும்போது, கணினி சொன்ன துளையை ஒவ்வொரு பக்கமும் 2 சதவீதம் சிறிதாக வரைந்து அனுப்புங்கள். லேண்டையும் வேண்டியதைவிட 2 மி.மீ. நீளமாக விடுங்கள். முதல் ஓட்டத்தில் இழை மெலிந்தே வரும். அளந்து, லேண்டின் பின்பக்கத்தைக் கடைந்து நீளத்தைக் குறைத்தால் வீக்கம் சற்றுக் கூடும்; அதுவும் போதாத இடங்களில் மட்டும் துளையைப் பெரிதாக்குங்கள். மாற்றிய அளவுகளை அன்றைய கிரேடு, வெப்பநிலை, லைன் வேகம் ஆகியவற்றோடு கணினிக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த டைக்கான தளர்வு நேரங்களைச் சரிபார்க்க அந்த எண்கள் தேவைப்படும்.